கேள்வி பதில்: மலாய், இந்தோனேசிய நூல்களைத் தேடுகிறவர்களுக்கு

கேள்வி (முல்லைத்தீவு வாசகி): சுமாத்திராவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் பட்டப்படிப்புக்காக ஆய்வுக் கட்டுரை எழுதுகிறேன். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தின் இணையப் பட்டியலில், அது கிடைத்த ஊரான ‘லோபு துவா’வின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினால் அண்மைக்காலக் கட்டுரைகள் மட்டுமே வருகின்றன. பழையவை அங்கே இல்லையா?

பதில்: இருக்கின்றன. நீங்கள் தட்டிய எழுத்துக்கூட்டல்தான் அவற்றை மறைக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் ‘உ’ ஒலிக்கு ஓ-ஈ என்ற இரண்டு எழுத்தைப் போட்டார்கள். ஆகவே இந்த ஊர்ப்பெயரில் யூ வரும் இரண்டு இடத்திலும் ஓ-ஈ வைத்துத் தேடுங்கள். துவாவின் நடுவில் டபிள்யூ சேர்த்து எழுதியவர்களும் உண்டு, அதையும் தட்டிப் பாருங்கள். கல்வெட்டு 1088ஆம் ஆண்டுக்குரியது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சொல்வது. இதைப் பற்றி நீலகண்ட சாஸ்திரி 1932இல் எழுதிய கட்டுரை பத்தாவியாக் (இன்றைய ஜகார்த்தா) கழகத்தின் சஞ்சிகையில், 72ஆம் தொகுதியில் இருக்கிறது. அதில் தொடங்குங்கள்.

மூன்று ஆண்டுகளை மனதில் வைத்திருந்தால் பாதித் தொல்லை தீரும். 1901இல் ஒல்லாந்தர் முறை வந்தது. 1947இல் ஓ-ஈ போய் யூ வந்தது. 1972 ஓகஸ்டில் இந்தோனேசியாவும் மலேசியாவும் எழுத்துக்கூட்டலை ஒன்றாக்கின. இந்தோனேசியப் பக்கத்தில் அன்று மாறியவை: ரீ-ஜே சீ ஆனது, டீ-ஜே வெறும் ஜே ஆனது, தனி ஜே வை ஆனது, என்-ஜே என்-வை ஆனது, எஸ்-ஜே எஸ்-வை ஆனது, சீ-எச் கே-எச் ஆனது. மலேசியப் பக்கத்தில் சீ-எச் சீ ஆனது, எஸ்-எச் எஸ்-வை ஆனது. சீ-எச் இரண்டு நாட்டிலும் இரண்டு வழியில் போனதைக் கவனியுங்கள். புத்தகம் எங்கே அச்சானது என்று தெரியாமல் அதை மாற்றக் கூடாது.

இன்றைய சொல்லைப் பழைய முறைக்குக் கொண்டுபோகும்போது ஒழுங்கு முக்கியம். ‘ஜயா’ என்ற சொல்லை எடுங்கள், நம்முடைய ஜெயம்தான். இன்று ஜே-ஏ-வை-ஏ. முதலில் ஜேயை டீ-ஜே ஆக்கி, பிறகு வையை ஜே ஆக்கினால் டீ-ஜே-ஏ-ஜே-ஏ என்ற சரியான பழைய வடிவம் வரும். வையை முதலில் தொட்டால் அதுவும் ஜே ஆகி, அடுத்த அடியில் இரண்டு ஜேயுமே டீ-ஜே ஆகிவிடும். அது நீங்கள் தேடும் சொல் இல்லை.

இன்னும் இரண்டு பொறிகள். ஒல்லாந்த மொழித் தலைப்பில் ‘இந்திய’ என்று வந்தால் பெரும்பாலும் அது இன்றைய இந்தோனேசியாதான். நம் பக்கத்து இந்தியாவை ‘முன் இந்தியா’ என்று எழுதினார்கள். அடுத்தது, பழைய அட்டவணைகளில் தமிழரைத் தமிழர் என்றே தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். ‘கெலிங்’, ‘கிளிங்’ என்றும் தேடவேண்டும். கலிங்கத்தில் இருந்து வந்த பெயர் என்பார்கள். இன்று மலேசியாவில் அது வசைச்சொல். தேடுபெட்டிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பெயரிலும் தடுக்கி விழலாம். மலேசிய மலாய்க்காரருக்குக் குடும்பப் பெயர் இல்லை, ‘பின்’ என்பதற்குப் பின்னால் வருவது தகப்பன் பெயர். நாங்கள் தலையெழுத்துப் போடுவதுபோலத்தான். ஆகவே அவரை முதற்பெயரில் தேடவேண்டும். இந்தோனேசியப் பெயர் பல சொல்லாக இருந்தால் நூலகர்கள் பொதுவாகக் கடைசிச் சொல்லில் பதிவார்கள்: பிரமூதியா அனந்தா தூர் ‘தூர்’ என்பதில் இருப்பார்.

லெய்டனில் ஏன் இவ்வளவு சேர்ந்தது என்றால், 1851இல் தொடங்கிய அரச மொழி, நில, இனவியல் நிறுவனத்தின் நூற்சேகரம் 2014இல் பல்கலைக்கழக நூலகத்தின் பொறுப்புக்கு வந்தது. அமெரிக்காவில் இதற்கு ஈடு சொல்லக்கூடியது கோர்னெல் பல்கலைக்கழகத்தின் எக்கோல்ஸ் சேகரம். ஹசன் ஷாடிலியுடன் சேர்ந்து இந்தோனேசிய–ஆங்கில அகராதி செய்த ஜோன் எக்கோல்சின் பெயரையே அது தாங்குகிறது. சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தோனேசிய அரசியல் என்றால் கோர்னெல், அதற்கு முந்திய கைப்பிரதியும் காலனிக் கடதாசியும் என்றால் லெய்டன் என்று பிரித்துக்கொண்டு தேடினால் நேரம் மிஞ்சும்.

கேள்வி (மல்லாவி ஆசிரியர்): மலாயும் இந்தோனேசிய மொழியும் ஒன்றா? நூலகத்தில் எந்தத் தட்டில் தேடுவது?

பதில்: ஒரே மலாயின் இரண்டு அரச வடிவங்கள். ஒன்றைப் படித்தவர் மற்றதன் பத்திரிகையைத் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவார். டூயி எண்படி அடுக்கும் நூலகத்தில் இந்தோனேசிய மொழி 499.221, மலாய் 499.28. மலேசிய வரலாறு 959.5, இந்தோனேசிய வரலாறு 959.8. தமிழ் மொழி 494.811 என்பதால் இரண்டும் தூரத் தட்டில் இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று: மலாயில் ‘கெடாய்’ கடை, ‘கப்பல்’ கப்பல், ‘பெதி’ பெட்டி, ‘கோலம்’ குளம், ‘மோடல்’ முதல் (போட்ட முதல் என்கிறோமே அது). பதிலுக்கு நாங்கள் எடுத்தவை சாரமும் தொதலும் ரம்புட்டானும்.

கேள்வி (மாங்குளம் வாசகர்): மலாய் அகராதி ஒன்று கிடைத்தது. பந்தியில் உள்ள சொற்களில் பாதி அதில் இல்லை. அகராதி குறைபாடானதா?

பதில்: அகராதி சரி. அது வேர்ச்சொல்லில் அடுக்கப்பட்டது, நீங்கள் முன்னொட்டோடு தேடுகிறீர்கள். ‘பெர்’, ‘டி’, ‘தெர்’ என்பவற்றை வெட்டினால் வேர் அப்படியே வெளியில் வரும். சிக்கல் ‘மெ’ முன்னொட்டில். அது வேரின் முதல் மெய்யை விழுங்கிவிடும். ‘மெமுக்குல்’ என்பதற்கு வேர் புக்குல், அடி. ‘மெனுலிஸ்’ என்பதற்குத் துலிஸ், எழுது. ‘மெங்ஙாராங்’ என்பதற்குக் காராங், புனை. ‘மெஞ்ஞேவா’ என்பதற்குச் சேவா, வாடகை. அதாவது ‘மெம்’ என்பதை அடுத்து உயிர் வந்தால் ப வைத்துப் பாருங்கள், ‘மென்’ என்றால் த, ‘மெங்’ என்றால் க, ‘மெஞ்’ என்றால் ச.

இது எப்போதும் வெல்லாது. ‘மெமாசாக்’ என்பதற்குப் ‘பாசாக்’ என்று போனால் ஆப்பு, முளை என்று பொருள் வந்து வாக்கியம் குழம்பும். அங்கே வேர் மாசாக், சமை. ‘மெங்ஙாம்பில்’ என்பதில் எதுவுமே விழுங்கப்படவில்லை, வேர் அம்பில், எடு. ஆகவே ஒரு வேர் பொருந்தாவிட்டால் மெய் இல்லாமலும், ‘ம’ வைத்தும் இரண்டு தரம் பாருங்கள். வில்கின்சனின் மலாய்–ஆங்கில அகராதி வாங்குவதானால் 1932ஆம் ஆண்டுப் பதிப்பைக் கேளுங்கள். 1901இல் தொடங்கிய முதற்பதிப்பு அரபு எழுத்தின் வரிசையில் போகிறது, ஜாவி (மலாயை எழுதும் அரபு எழுத்து) தெரியாதவருக்கு அது சுவர்.

கேள்வி (கிளிநொச்சி மாணவர்): வெளிநாட்டுக்குப் போக வசதியில்லை. கைத்தொலைபேசியில் இலவசமாக எதை வாசிக்கலாம்?

பதில்: மேலே சொன்ன லெய்டன் நிறுவனத்தின் சஞ்சிகை 1853இல் இருந்தே திறந்த அணுக்கத்தில் கிடைக்கிறது. கோர்னெல் வெளியிட்ட இந்தோனேசிய ஆய்வேடுகள் பல அதன் மின்களஞ்சியத்தில் உள்ளன. மலாய்ப் பழம் பனுவல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க ‘மலாய் கொன்கோர்டன்ஸ்’ திட்டம் போதும். அதில் இன்றைய எழுத்துக்கூட்டலில்தான் தட்டவேண்டும், மேலே சொன்ன பழைய வித்தை அங்கே வேலை செய்யாது. சஞ்சிகைக் கட்டுரைகளின் களஞ்சியமான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை திரையில் வாசிக்கலாம். பழைய அகராதிகளின் வருடிய பிரதிகள் டேட்டாவைக் குடித்துவிடும், பல்கலைக்கழக வைஃபையில் இறக்கி வையுங்கள்.

இணையத்தில் இல்லாத நூலுக்கு உங்கள் நூலகர் மூலம் நூலகங்களுக்கிடையிலான வேண்டுகோள் அனுப்பலாம். ‘முழுப் புத்தகம் வேண்டும்’ என்று எழுதினால் பதிப்புரிமையைக் காட்டி மறுப்பார்கள். ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, தட்டு எண், எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கம் என்று எழுதி ஒரு அத்தியாயம் மட்டும் கேளுங்கள். பக்க எண் தெரியாவிட்டால் முதலில் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கேட்பது நல்லது.

கேள்வி (செட்டிகுளம் வாசகர்): பாட்டனாரின் பெட்டியில் அரபு எழுத்தில் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருக்கிறது. அவருடைய தகப்பன் கொழும்பில் பொலிசில் இருந்த மலாய்க்காரர். பள்ளிவாசலில் காட்டினோம், அரபு இல்லை என்கிறார்கள். அரபுத்தமிழா, மலாயா?

பதில்: வீட்டில் வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதலில் உயிர்க்குறிகளைப் பாருங்கள். எழுத்துக்கு மேலும் கீழும் குறிகள் நெருக்கமாக இருந்தால் அரபுத்தமிழாக (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) இருக்கும் வாய்ப்பு அதிகம். மலாயைப் பெரும்பாலும் குறி போடாமல் எழுதினார்கள். இலங்கை மலாய்க்காரர் அந்த எழுத்தைக் ‘குண்டுல்’ என்பதே அதனால்தான். குண்டுல் என்றால் மொட்டை.

அடுத்தது சொல்லின் வாலில் ‘2’ என்ற அரபு இலக்கம் தொங்குகிறதா என்று பாருங்கள். அது மலாய். சொல்லை இரட்டிப்பதற்கு மறுபடி எழுதாமல் இரண்டு போட்டுவிடுவார்கள். ‘ஓராங்2’ என்றால் ஓராங்-ஓராங், ஆட்கள். மூன்றாவது, ‘யாங்’ என்ற சொல். யா என்ற அரபு எழுத்து, அதை ஒட்டி ஐன் என்ற எழுத்தின் வடிவம், அந்த ஐன் மேல் மூன்று புள்ளி. ஒரு பக்கத்தில் இது ஐந்தாறு இடத்திலாவது கண்ணில் பட்டால் சந்தேகம் வேண்டாம். ஆனால் தனி எழுத்தின் புள்ளியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள், பழைய எழுத்தர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். ஒரே கட்டில் மலாயும் அரபும் அரபுத்தமிழும் கலந்து வருவதும் உண்டு. ஆகவே நடுப்பக்கங்களையும் பாருங்கள்.

இதற்குள் செய்யக்கூடாதவை: லமினேற் செய்வது, செலோரேப் ஒட்டுவது (பசை மஞ்சளாகிக் கடதாசிக்குள் இறங்கும்), வெயிலில் காயவைப்பது, எச்சில் தொட்டுப் புரட்டுவது. தகரப் பெட்டி மாரியில் உள்ளே வியர்க்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மட்டைப்பெட்டியில் வைத்து, நிலத்தையும் சுவரையும் தொடாமல் தட்டில் வையுங்கள். கறையான் மண் தெரிகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

படம் எடுப்பது காலையில், விறாந்தை நிழலில். பிளாஷ் வேண்டாம். கைத்தொலைபேசி பக்கத்துக்கு நேர் மேலே இருக்கட்டும், ஓரத்தில் ஒரு அடிமட்டம் வையுங்கள். தையல் இறுகியிருந்தால் விரித்து அழுத்தாமல் பாதி திறந்த நிலையில் ஒவ்வொரு பக்கமாக எடுங்கள். வெற்றுப் பக்கமும் அட்டையும் சேர்த்து எல்லாமே வேண்டும், பிறந்த நாள், கடன் கணக்கு எல்லாம் அங்கேதான் கிறுக்கியிருப்பார்கள்.

இலங்கை மலாய்க் குடும்பங்களின் ஏடுகளைப் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணத் திட்டம் முன்னரே எண்ணிமப்படுத்தியிருக்கிறது. அதன் இலக்கம் 609. அங்குள்ள படங்களோடு உங்களுடையதை ஒப்பிடலாம். ஒரு நூலகருக்கோ ஆய்வாளருக்கோ காட்டுவதானால் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள். முதற்பக்கம், நடுப்பக்கம் ஒன்று, ‘தமாத்’ என்று முடியும் கடைசிப்பக்கம், இந்த மூன்று படம் போதும். எழுதிய ஆண்டும் எழுதியவர் பெயரும் இருந்தால் பெரும்பாலும் அந்தக் கடைசிப்பக்கத்தில், கூம்பி இறங்கும் வரிகளில் இருக்கும்.