சுத்திகரித்த வெள்ளீயத்தில் நாலு மாதத்தில் அல்பா (கதிரியக்கத் துகள்) எண்ணிக்கை ஏறியது ஏன்?

நீங்கள் அளவெடுக்கும் கொழும்பு வெள்ளவத்தை அறையின் தூசியை முதலில் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் உங்கள் வெள்ளீயத்துக்குள்ளேயே மிஞ்சிய ஈயம்-210தான் (ஈயத்தின் கதிரியக்க வகை) காரணம்.

நீங்கள் சுத்திகரித்த மின்பகுப்பில் அல்பாவை வெளியிடும் பொலோனியம் போய்விட்டது, அதனால்தான் முதல் வாரம் அளவு அவ்வளவு குறைவு. ஆனால் துளியளவு ஈயம்-210 தங்கினாலும் அது பிஸ்மத்-210 வழியாகத் திரும்பவும் பொலோனியம்-210ஐ உண்டாக்கும். ஈயம்-210இன் அரைவாழ்வுக்காலம் (பாதி சிதைய எடுக்கும் காலம்) ஏறக்குறைய 22 ஆண்டு, பொலோனியம்-210க்கு 138 நாள். ஆகவே நாலு மாதத்தில் எட்டக்கூடிய உச்சத்தின் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறீர்கள். இன்னும் ஏறும். சுத்திகரித்த மறுநாள் அளவை மட்டும் நம்பிச் சிப்புக்குப் பற்றாசு (சோல்டர்) செய்யக்கூடாது, அல்பா சிப்பில் பிழையை உண்டாக்கும், என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

உறுதிசெய்ய, கட்டியை வெட்டிப் புதிய முகத்தை அளந்து பாருங்கள். அல்பா வெள்ளீயத்தில் சில பத்து மைக்ரோமீற்றர்கூடக் கடக்காது. புதிய முகமும் அதே அளவு காட்டினால் மாசு உள்ளே இருக்கிறது. அளவு விழுந்தால் மாசு மேற்பரப்பில்தான்.

வெட்டியதும் அளக்காதீர்கள். மூடிய தரைத்தள அறையில் காற்றிலுள்ள கதிரியக்க வாயுக்களான ரேடன், தோரன் ஆகியவற்றின் வழித்தோன்றல்கள் முகத்தில் படியும். அவை சிதைந்து போக, நைதரசனில் மூன்று நாள் வைத்துவிட்டு அளவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: மாசு உள்ளே என்றால் ஈயத்தையே மறுபடி நீக்க வேண்டும், பொலோனியத்தை மட்டும் எடுத்தால் சில மாத அவகாசம்தான். உங்கள் பற்றாசில் ஈயமும் சேர்ந்திருந்தால் இந்த வழி உதவாது. ஈயம்-210 அதே தனிமத்தின் சமதானி (ஐசோடோப்பு), இரசாயன முறையில் பிரியாது. ஈயம்-210 சிதைந்து தீர்ந்துவிட்ட பல நூற்றாண்டு பழைய ஈயத்தைத் தேடுவது அதற்காகத்தான்.