அறிக்கையில் வைரஸ் பெயர் வந்தால் பேட்ச்சைக் கொட்டிவிட வேண்டுமா?

கேள்வி: பயோசிமிலர் (ஏற்கெனவே உள்ள உயிரியல் மருந்தை ஒத்தது) மருந்து நிறுவனம் ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சிஎச்ஓ (வெள்ளெலியின் சூலகச்) செல்களில் ஆன்டிபாடி தயாரிக்கிறோம். முதல்முறையாக ஒரு பேட்ச்சின் மாதிரியை வெளி லேபுக்கு அனுப்பி சீக்குவென்சிங் (அதில் உள்ள மரபுத்தொடர்களைப் படிக்கும் சோதனை) செய்தோம். மனித சைட்டோமெகலோவைரஸ் 212 ரீடு (படிக்கப்பட்ட மரபுத்தொடர்த் துண்டு), எஸ்வி40 64 ரீடு, பன்றி சர்க்கோவைரஸ் 9 ரீடு என்று அறிக்கை வந்திருக்கிறது. வழக்கமான செல் கல்ச்சர் சோதனையில் (மாதிரியைச் செல்களில் இட்டு வைரஸ் வளர்கிறதா என்று பார்ப்பது) ஒன்றுமே இல்லை. பேட்ச்சை நிராகரிக்க வேண்டுமா? விலங்குச் சோதனைகளை விட்டுவிட்டு இதற்கே மாறலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: பேட்ச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கொட்டவும் வேண்டாம், வெளியே விடவும் வேண்டாம். எண்ணிக்கையில் பெரிதாக இருக்கும் முதல் இரண்டும்தான் பயமுறுத்தும். ஆனால் எனக்கு அந்த 9 ரீடு மேல்தான் கண்.

சைட்டோமெகலோவைரஸின் மரபுத்தொடர் சுமார் 2,35,000 எழுத்து நீளம். உங்கள் 212 ரீடும் அதில் எங்கே விழுகின்றன என்ற வரைபடத்தை லேபிடம் கேளுங்கள். எல்லாம் சில நூறு எழுத்துள்ள ஒரே துண்டில் குவிந்து கிடந்தால், அது பெரும்பாலும் உங்கள் பிளாஸ்மிட்டில் (ஆன்டிபாடி ஜீனைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) நீங்களே வைத்த புரொமோட்டர், அதாவது அந்த வைரஸிலிருந்து எடுத்த, ஜீனை இயக்கும் துண்டு. எஸ்வி40 கதையும் அப்படித்தான்: அதன் புரொமோட்டரும் பாலி-ஏ துண்டும் (ஜீனின் முடிவைக் குறிப்பது) பல பிளாஸ்மிட்டுகளில் உண்டு. பிளாஸ்மிட் வரைபடத்தை மாதிரியோடு சேர்த்து அனுப்பியிருந்தால் இந்த இரண்டு வரிகளும் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்காது. அதற்காக அந்த வைரஸ்களையே பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லாதீர்கள். அந்தத் துண்டுகளை மட்டும் ஒதுக்கினால் போதும். வேறு பகுதிகளிலும் ரீடு விழுந்தால் கட்டாயம் தெரிய வேண்டும்.

சரி, அந்த ஒன்பதுக்கு வருவோம். பன்றி சர்க்கோவைரஸ் 1-இன் மரபுத்தொடர் வெறும் 1,759 எழுத்து. ஒன்பது ரீடும் அதில் பரவலாக விழுந்திருந்தால் அலட்சியம் கூடாது. முதலில் பார்க்க வேண்டியது, அதே ஓட்டத்தில் போன நெகட்டிவ் கன்ட்ரோல், அதாவது வைரஸ் இல்லாத வெற்று மாதிரி. 2013-இல் கல்லீரல் நோயாளிகளின் ரத்தத்தில் புது வைரஸ் என்று பேசப்பட்ட ஒன்று, கடைசியில் டிஎன்ஏ பிரிக்கப் பயன்படும் சிலிக்கா வடிகுழாயிலிருந்தே வந்தது என்று தெரிந்தது. நோயாளிகள் பாவம், அவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதோடு, உங்கள் மாதிரி ஓடிய அன்று பக்கத்தில் பன்றி சம்பந்தப்பட்ட வேறு மாதிரி ஓடியதா என்றும் கேளுங்கள். இன்டெக்ஸ் (ஒவ்வொரு மாதிரிக்கும் ஒட்டும் அடையாளத் தொடர்) தாவி ஒருவர் ரீடு இன்னொருவர் கணக்கில் ஏறுவது நடக்கிற விஷயம்தான்.

அதிலும் விடை கிடைக்காவிட்டால், பாதுகாத்து வைத்த மாதிரியிலிருந்து வேறு கிட் கொண்டு டிஎன்ஏ எடுத்து பிசிஆர் செய்யுங்கள். பாசிட்டிவ் வந்தால் பின்னோக்கிப் போக வேண்டும்: வொர்க்கிங் செல் பேங்க் (உற்பத்திக்கு எடுக்கும் உறைந்த செல் இருப்பு), அதற்கு மூலமான மாஸ்டர் செல் பேங்க், பிறகு மூலப்பொருள்கள். முதல் சந்தேகம் ட்ரிப்சின் மேல். தட்டில் ஒட்டிய செல்களைப் பிரித்தெடுக்கும் நொதி அது; பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சஸ்பென்ஷனில் (திரவத்தில் மிதந்து) வளரும் செல்லுக்கு ட்ரிப்சின் எதற்கு என்பீர்கள். அந்தச் செல் வரிசை ஒரு காலத்தில் தட்டில் ஒட்டி வளர்ந்ததுதானே.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: அது உயிருள்ள வைரஸா, வெறும் டிஎன்ஏ சிதறலா? மாதிரியில் முதலில் நியூக்ளியேஸ் (டிஎன்ஏவை வெட்டும் நொதி) போட்டால் உறையில்லாமல் மிதக்கும் டிஎன்ஏ கரைந்துபோகும். கேப்சிடுக்குள் (வைரஸின் புரத உறை) இருப்பது தப்பிக்கும். தப்பித்தது பெருகுகிறதா என்று பிகே-15 செல்லில் (பன்றிச் சிறுநீரகச் செல் வரிசை) சில சுற்று வளர்த்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: 1974-இல் இந்த வைரஸையே முதலில் கண்டது பிகே-15 செல்லில்தான். சர்க்கோவைரஸ் இல்லாத பிகே-15 என்று உறுதி செய்துகொண்டே வாங்குங்கள்.

குழந்தைகளுக்கான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தான ரோட்டாரிக்ஸில் நடந்தது இதேதான். சான்ஃபிரான்சிஸ்கோவில் எரிக் டெல்வார்ட்டின் ஆய்வகம் சந்தையிலிருந்த தடுப்பு மருந்துகளை சீக்குவென்சிங் செய்தபோது ரோட்டாரிக்ஸில் பன்றி சர்க்கோவைரஸ் 1-இன் டிஎன்ஏ சிக்கியது. தேடிப் போனால், மாஸ்டர் செல் பேங்கிலேயே இருந்தது. 2010 மார்ச் 22-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்தைத் தற்காலிகமாக நிறுத்தச் சொன்னது. மே 14-இல் மீண்டும் அனுமதித்தது. சர்க்கோவைரஸ் மனிதருக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை, ரோட்டா வைரஸோ குழந்தைகளைக் கொல்கிறது என்பதுதான் கணக்கு. உங்கள் ஆன்டிபாடிக்கு இதே கணக்குப் பொருந்தாது. பெருகும் வைரஸ் என்று உறுதியானால் அந்த பேட்ச்சுக்காக வாதாட வேண்டாம்.

இனி விலங்குச் சோதனையிலிருந்து சீக்குவென்சிங்குக்கு மாறுவது பற்றி. 2023 நவம்பரில் வந்த ஐசிஎச் (மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பு) க்யூ5ஏ(ஆர்2) வழிகாட்டி, விலங்குச் சோதனைகளுக்குப் பதில் சீக்குவென்சிங்கை ஏற்கிறது. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டுக் காட்டச் சொல்லவில்லை. செல் கல்ச்சர் சோதனைக்குக் கூடுதலாகவோ பதிலாகவோ வைக்கவும் இடம் கொடுக்கிறது. விலங்குச் சோதனையைத் தாராளமாக விடலாம் என்பது என் கருத்து. செல் கல்ச்சரை மட்டும் இன்னும் சில காலம் வைத்துக்கொள்வேன், முக்கியமாக மருந்து பேட்ச்சுகளுக்கு: அங்கே கேள்வியே தொற்றுமா என்பதுதான். அதுவும் முழுப் பாதுகாப்பில்லை. 2009-இல் ஜென்ஸைம் மருந்து நிறுவனத்தின் பாஸ்டன் ஆலையை மூடவைத்த வெஸிவைரஸ் 2117 வழக்கமான சோதனைகளில் சிக்கவில்லை; தனியாக ஒரு சோதனை உருவாக்கித்தான் பிடித்தார்கள். அந்த ஆலையின் மருந்தை நம்பியிருந்த கோஷே, ஃபாப்ரி (அரிய பரம்பரை நோய்கள்) நோயாளிகள் தவித்தார்கள்.

அடுத்த மாதிரி அனுப்புமுன், எந்த முடிவு வந்தால் யார் என்ன செய்வது என்பதை எஸ்ஓபி-யாக (நிலையான செயல்முறை ஆவணம்) எழுதி க்யூஏ-விடம் (தர உறுதிப் பிரிவு) கையெழுத்து வாங்குங்கள். மாதிரியைச் சின்னச் சின்ன குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரே குப்பியை உருக்கி உருக்கி உறைய வைத்தால் தொற்றுத்திறன் குறைந்துவிடும். மேலே சொன்ன பிகே-15 சோதனைக்கு அது உதவாது.