தகரப் படகும் 'குப்பை' என்ற சொல்லும்

ஐயா, வணக்கம். கண்டியில் ஒரு பழைய சாமான் கடையில் தகரப் படகு ஒன்று வாங்கினேன். உள்ளே விளக்கு ஏற்றினால் படபடவென்று ஓடுகிறது. ஏதோ மலிவான ஜப்பான் குப்பைதான். எங்கே, எப்போது செய்திருப்பார்கள்? சேர்த்து வைத்தால் விலை போகுமா?
– வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

விலையைக் கடைக்காரரிடமே கேளுங்கள். எனக்கு அந்தக் 'குப்பை'தான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. பால் டின்னில் கார் செய்து ஓட்டிய பிள்ளைகளின் ஊர் நம்முடையது. அந்தச் சொல்லை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இந்த வகைப் படகுக்கு 1891லேயே தோமஸ் பியோ என்ற பிரெஞ்சுக்காரர் பிரிட்டனில் காப்புரிமை எடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் தகர விளையாட்டுச் சாமான் என்றால் ஜெர்மனியின் நியூரம்பெர்க்தான். ஜப்பான் கதை வேறு. 1945இல், போரில் தோற்றுக் கிடந்த நாட்டில், ஒட்சு என்ற ஊரில், கொசுகே மட்சுசோ என்பவர் அமெரிக்கச் சிப்பாய்கள் வீசிய டின்களை எடுத்து ஜீப் பொம்மை செய்தார். விலை 10 யென். குப்பையில் பிறந்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். குப்பை என்று சொல்லாதீர்கள்.

எனக்கு ஏழு வயதில் மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்குப் போய்வந்த அப்பா இதே படகைக் கொண்டுவந்தார். பீலியடித் தொட்டியில் விட்டோம். அக்கா ஒரு வாய்த் தண்ணீரைக் குழாயில் ஊதி நிரப்பி, தேங்காயெண்ணெய்த் திரியைக் கொளுத்தி உள்ளே தள்ளுவாள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் படபட! பல்சக்கரமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. உள்ளே கொதிக்கும் ஆவி குழாயிலுள்ள தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது. ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. தள்ளும்போது நேராகப் பாய்கிற தண்ணீர், வரும்போது நாலாபக்கமிருந்தும் வருகிறது. அதனால்தான் படகு பின்னுக்கு வராமல் முன்னே போகிறது. இவ்வளவையும் ஒரு சின்னப் பிள்ளையின் கைக்காசுக்குள் அடக்க எத்தனை பேர் மண்டையை உடைத்திருப்பார்கள்! மலிவாகச் செய்வது லேசான வேலை என்று நினைத்துவிட்டீர்கள், தம்பி. ஒரு சதம் கூடினால் வாங்க மாட்டார்கள், ஒரு நூல் பிசகினால் ஓடாது.

ஒரு வாரத்தில் ஈயம் விட்டுப்போய் எங்கள் படகு மூழ்கியது. நான் அழுது தீர்த்தேன். அக்கா கத்தி முனையால் மடிப்புகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பிரித்தாள். நெல்மணி அளவு நாக்குகள், எல்லாம் ஒரே அளவு. அடித்தட்டின் உட்பக்கத்தில், தலைகீழாக, ஒரு பிஸ்கட் டின்னின் எழுத்துகள். அப்பா வாங்கிவந்த படகு எங்கேயோ நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பழைய டின்னை வெட்டிச் செய்தது என்று அன்றுதான் தெரிந்தது.

உங்கள் படகையும் விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். என்ன எழுத்து இருக்கிறதென்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.