கெப்பில் ட்ரெய்லர் பூட்டுமுன்: மலைப்பாதைக்கான கேள்வி-பதில்

கேள்வி (கந்தப்பளை): எங்களிடம் ஃபோர் வீல் ட்ரைவ் டபள் கெப் ஒன்று இருக்கிறது. அதன் டெக்கின் நடுவில் பூட்டக்கூடிய ஃபிப்த் வீல் ட்ரெய்லர் செய்து தருவதாக ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். வெறும் ட்ரெய்லர் 900 கிலோ, அதில் 3 தொன் மரக்கறி ஏற்றலாமாம். கெப்பின் கையேட்டில் 3500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கிறது. செய்விக்கலாமா?

பதில்: வேண்டாம். முற்பணம் கொடுக்கவில்லை என்றால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

முதலில் கூட்டல் கணக்கு. 900 கிலோவும் 3000 கிலோவும் சேர்ந்தால் 3900. கையேடு சொல்லும் 3500-ஐ அங்கேயே தாண்டிவிட்டீர்கள். அந்த 3500 என்பது ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடை, அதுவும் ட்ரெய்லருக்குச் சொந்த பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு அதே கையேட்டில் பெரும்பாலும் 750 கிலோ என்றுதான் இருக்கும். அந்த வரியைப் பட்டறைக்காரர் காட்டினாரா என்று பாருங்கள்.

சரக்கைக் குறைத்து 3500-க்குள் கொண்டுவந்தாலும் பிரச்சினை தீராது. ஃபிப்த் வீல் ட்ரெய்லர் கண்டெய்னர் லொறியைப் போன்றது. ட்ரெய்லரின் கழுத்தில் உள்ள கிங்பின் என்னும் தடித்த இரும்பு முளை கெப்பின் டெக்கில் வந்து உட்காரும், ட்ரெய்லர் எடையில் 15 முதல் 25 வீதம் வரை அந்தக் கிங்பின்னில் இறங்கும். 20 வீதம் என்று வைத்தால் 700 கிலோ. பூட்டும் தட்டும் அதைத் தாங்கும் சட்டமும் 80 கிலோ. சாரதியும் உதவிக்கு இருவரும் 210 கிலோ. மொத்தம் 990. டபள் கெப்களில் பெரும்பாலானவை சுமக்கக்கூடியதே 1 தொன் அளவுதான். கரட் மூடைகள் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து கிங்பின்னின் பாரம் 25 வீதமானால் அது 875 கிலோவாகும். அப்போது பின் அச்சு வரம்பைத் தாண்டும், பின் டயர்களும் ஸ்பிரிங்கும் அளவுக்கு மேல் அழுந்தும். வளைவில் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். பனிமூட்டத்தில் நனைந்து கிடக்கும் ஹக்கலைப் பாதையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்களுக்கே தெரியும்.

கையேட்டில் இன்னொரு எண்ணைத் தேடுங்கள்: கெப், ஆட்கள், ட்ரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்த கூட்டு எடை வரம்பு. அது 5850 கிலோ என்று இருந்தால், கெப் 2100, ஆட்கள் 210, தட்டு 80 போக ட்ரெய்லருக்கு மிஞ்சுவது 3460 கிலோ. டெக்கில் நாலு மூடை போட்டால் அதுவும் குறையும். உயரத்துக்கும் கழிவு உண்டு. ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் கூட்டு எடையில் 10 வீதத்தைக் குறைக்கும்படி பல தயாரிப்பாளர்கள் தம் கையேடுகளில் சொல்கிறார்கள், மேலே காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் பலமும் குறைகிறது. நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் இருக்கிறது.

கடைசியாக, பட்டறைக்காரர் அளந்தே பார்த்திருக்க மாட்டார் என்று நாங்கள் நினைக்கும் விஷயம். டபள் கெப்பின் டெக் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளம். கிங்பின் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். அங்கிருந்து கெபினின் பின்கண்ணாடி வரை முக்கால் மீற்றர் அளவுதான் இடம். ட்ரெய்லர் 2 மீற்றர் அகலம் என்றால் அதன் முன்மூலை கிங்பின்னிலிருந்து குறைந்தது 1 மீற்றர் தள்ளி இருக்கும். கொண்டை ஊசி வளைவிலோ, பின்னால் எடுத்துத் திருப்பும்போதோ அந்த மூலை பின்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும். ஃபிப்த் வீல் நல்ல ஏற்பாடுதான், நேர் பாதையில், கெப்பின் பின்னால் உள்ள இரும்புப் பந்தில் மாட்டும் பந்துக் கொக்கியை விட ஆட்டம் குறைவு. ஆனால் அது 8 அடி டெக் உள்ள பெரிய அமெரிக்க பிக்கப்களுக்கு ஏற்றது.

கேள்வி (வெலிமடை): அப்படியானால் கெப்பில் எவ்வளவு வரை இழுக்கலாம்? லொறி வாங்குவதே மேலா?

பதில்: தினமும் 3 தொன் தம்புள்ளைக்குப் போக வேண்டும் என்றால் லொறி வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். எல்ஃப், கன்டர் வகை லொறிகளில் எக்ஸோஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தை அடக்கும் பிரேக்) இருக்கிறது, அச்சும் பிரேக்கும் அந்த எடைக்கென்றே செய்யப்பட்டவை. கெப்பில் அவை இல்லை.

வாரத்துக்கு இரண்டு முறை ஒரு தொன் உரமோ கிழங்கோ ஏற்றுவதற்கு, பிரேக் உள்ள பந்துக் கொக்கி ட்ரெய்லர் போதும். மலையில் மொத்தம் 1500 கிலோவுக்கு மேல் போகாதீர்கள் என்பது எங்கள் அபிப்பிராயம். கையேடு அதிகம் அனுமதித்தாலும் அதையே சொல்வோம். கழுவி நனைந்த லீக்ஸும் மழையில் ஊறிய சாக்கும் கூடுதல் எடை என்பதையும் கணக்கில் எடுங்கள்.

கொக்கியில் இறங்கும் பாரம் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 வீதம் இருக்க வேண்டும். 1500 கிலோவுக்கு 150 முதல் 225 கிலோ. கெப்பின் கொக்கிக்கும் தனி வரம்பு உண்டு, அதன் தகட்டில் எழுதியிருக்கும். 10 வீதத்துக்குக் கீழே போனால் இறக்கத்தில் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அளப்பது சிரமமில்லை. மரக்கறி நிறுக்கும் 300 கிலோ மேடைத் தராசைச் சமதரையில் வைத்து, இடையில் ஒரு கட்டையைக் கொடுத்து, சரக்கேற்றிய ட்ரெய்லரின் கொக்கியை அதன் மேல் இறக்குங்கள். ட்ரெய்லர் மட்டமாக நிற்கட்டும், சில்லுகளுக்குக் கட்டை போட்டிருங்கள். எண் குறைந்தால் மூடைகளை முன்னால் தள்ளுங்கள். சரக்கில் ஏறத்தாழ 60 வீதம் அச்சுக்கு முன்னால் இருந்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

கேள்வி (புசல்லாவை): லபுக்கலையிலிருந்து ரம்பொடை வழியாக இறங்கும்போது ட்ரெய்லர் பக்கத்திலிருந்து கருகிய வாடை வருகிறது. பிரேக் நன்றாகத்தான் பிடிக்கிறது. பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்பட வேண்டும். இன்று பிடிக்கிற பிரேக் அதே பயணத்தின் கடைசி வளைவில் பிடிக்காமல் போவது இப்படித்தான்.

நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு இறங்கும் உயரம் 1300 மீற்றருக்கும் மேல். கெப்பும் ட்ரெய்லரும் சேர்ந்து 4 தொன் என்று வைத்தால், அந்த இறக்கம் முழுவதிலும் வெளிப்படும் சக்தி சுமார் 150 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்க வேண்டும், எஞ்சினுக்குக் கொடுக்காவிட்டால் பிரேக் ட்ரம் வாங்கும்.

உங்களுடையது தள்ளு பிரேக் உள்ள ட்ரெய்லராக இருக்கலாம். ட்ரெய்லர் கெப்பை முன்னோக்கித் தள்ளும்போது கொக்கித் தண்டு உள்ளே போய் ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். சமதரைக்கு அது நல்ல ஏற்பாடு. நீண்ட இறக்கத்தில் ட்ரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் ஓயாமல் உரசுகிறது. கருகிய வாடை அதிலிருந்துதான். கியரால் கெப்பைக் கட்டுப்படுத்துவதால் இது நிற்காது, ஆனால் வேகம் குறைந்தால் சூடு ஏறுவதும் மெதுவாகும், ட்ரம் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும்.

ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஓட்டோ கியர் என்றால் டி-யில் விட வேண்டாம், கையால் கியரைப் பிடித்து வையுங்கள். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காதீர்கள். நினைத்த வேகத்தை விட மணிக்கு 5 கிலோமீற்றர் கூடியதும் உறுதியாக மிதித்து அதற்குக் கீழே கொண்டுவந்து முழுதாக விடுங்கள். பகுதிநேர ஃபோர் வீல் ட்ரைவ் கெப் என்றால், காய்ந்த தார்ப்பாதையில் ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. கூர்மையான வளைவுகளில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டும், அது முடியாமல், இரண்டு அச்சுகளுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டி முறுகும்.

வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சில்லுகளுக்குக் கட்டை போடுங்கள். சூடான ட்ரம்மில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், ட்ரம் வெடிக்கும். அரை மணி நேரம் தானாக ஆறட்டும். ஒரு சில்லு மட்டும் மற்றதை விட அதிகம் சுட்டால், அந்தப் பக்கத்து பிரேக் ஷூ இறுகியிருக்கிறது அல்லது பெயரிங் போய்விட்டது.

கெப்பின் பிரேக் எண்ணெயையும் மறக்க வேண்டாம். டொட் 3 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில்தான் கொதிக்கும், ஈரம் இழுத்த பின் அது 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கொதித்த எண்ணெயில் குமிழி வந்தால் பெடல் தரை வரை போகும். கையேடு அனுமதித்தால் டொட் 4 போட்டு, 2 வருடத்துக்கு ஒரு தடவை முழுதாக மாற்றுங்கள். நம் மழைக்கும் பனிக்கும் அந்த 2 வருடம் நீண்ட காலம்.

கேள்வி (பண்டாரவளை): பாவித்த ட்ரெய்லர் ஒன்று பார்த்திருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பெயின்ற் புதிதாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். இழுதடி (கெப்பின் கொக்கி வரை நீளும் முன்தண்டு) பிரதான சட்டத்தோடு சேரும் வெல்டிங்கில் மெல்லிய துருக்கோடு வெளியே கசிகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கசிந்தால் உள்ளே வெடிப்பு இருக்கிறது, பேரம் பேசாமல் திரும்பி விடுங்கள்.

ஒவ்வொரு சில்லையும் ஜக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தட்டல் இருந்தால் பெயரிங். பிறகு சுழற்றுங்கள், கரகரப்பு வரக் கூடாது. தள்ளு பிரேக் என்றால் கொக்கித் தண்டைக் கையால் உள்ளே அமுக்குங்கள். இறுக்கமாகப் போய் மெதுவாக வெளியே வர வேண்டும். டக்கென்று போனால் உள்ளேயிருக்கும் அதிர்ச்சி தாங்கும் டம்பர் செத்துவிட்டது, அதை வைத்துக்கொண்டு ஓட்டினால் ஒவ்வொரு பிரேக்குக்கும் ட்ரெய்லர் கெப்பை இடிக்கும்.

டயரின் பக்கச் சுவரில் கடைசி நாலு இலக்கம் செய்யப்பட்ட கிழமையும் வருடமும். 1817 என்றால் 2017-ஆம் ஆண்டின் 18-ஆவது கிழமை. பட்டன் (தரையில் படும் வெட்டுகள்) ஆழமாக இருந்தாலும் அது பழைய டயர்தான், விலையில் புது டயர்களைக் கழித்துப் பேசுங்கள். கார் டயர் போட்டிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். 102 என்ற சுமைக் குறியீடுள்ள 185 ஆர் 14 சி டயர் ஒன்று 850 கிலோ தாங்கும், ஓர் அச்சுக்கு 1700. சில்லு மாற்றினால் முதல் 50 கிலோமீற்றரில் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள்.

ட்ரெய்லருக்குச் சொந்தப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள சட்டக (சசி) இலக்கம் இரும்பில் குத்தியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். உங்கள் சாரதி அனுமதிப்பத்திர வகுப்பு எவ்வளவு எடையுள்ள ட்ரெய்லரை அனுமதிக்கிறது என்பதை மோட்டார் வாகனத் திணைக்களத்தில் கேளுங்கள், கெப்பின் காப்புறுதியில் ட்ரெய்லரைச் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (தலவாக்கலை): கொக்கிப் பந்து எல்லாம் ஒரே அளவுதானே?

பதில்: இல்லை. 50 மில்லிமீற்றர் பந்தும், 2 அங்குலம் என்று விற்கும் 50.8 மில்லிமீற்றர் பந்தும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். 1 7/8 அங்குலப் பந்து 47.6 மில்லிமீற்றர்தான். அதன் மேல் 50 மில்லிமீற்றர் கொக்கியை மாட்டினால் பூட்டு விழும், சமதரையில் ஓடும், பள்ளத்தில் துள்ளும்போது கழன்றுவிடும். பந்தின் தலையில் குத்தியிருக்கும் அளவை வாசியுங்கள், தேய்ந்திருந்தால் வேர்னியர் அளவுகோலால் அளந்துபாருங்கள். மாட்டிய பிறகு முன்காலை இறக்கி ஜக்கால் இழுதடியை உயர்த்துங்கள். கெப்பின் பின்புறமும் சேர்ந்து எழும்ப வேண்டும்.

ட்ரெய்லரைக் கெப்போடு பிணைக்கும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளையும் இழுதடிக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் இழுதடி தார்ப்பாதையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தங்கும். சங்கிலி ஒவ்வொன்றும் தனித்தே ட்ரெய்லரின் முழு எடையைத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.