வெப்சைட்டை விற்கும் முன் விலை ஏற்றுவது எப்படி? காரைக்குடிக் கேள்வி பதில்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு வெப்சைட் வாங்குவதும் விற்பதும்தான் என் பிழைப்பு. நம்ம பக்கத்தில் சொந்தமாக சைட் வைத்திருப்பவர்கள் பலர், விற்பதற்கு முன் என்ன செய்தால் நாலு காசு கூட வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், பதில்களைச் சுருக்க முடியவில்லை.

கேள்வி (காரைக்குடி): அண்ணே, எங்க அம்மாவோட சமையல் சைட் இது. கந்தரப்பம், மனகோலம், கும்மாயம்னு 180 குறிப்பு இருக்கு. விளம்பரத்துல மாசம் 22,000 ரூபாய் வருது. ஆறு வருஷ உழைப்பு. என்ன விலை சொல்லலாம்?

பதில்: ஆறு வருஷத்தை வாங்குகிறவர் கணக்கில் எடுக்க மாட்டார் தம்பி. அவர் கேட்பது ஒன்றுதான்: செலவு போக மாதம் கையில் எவ்வளவு நிற்கிறது? கடைசி 12 மாதச் சராசரியை எடுத்து, அதைப் பொதுவாக 20-லிருந்து 40 வரை ஏதோ ஒரு எண்ணால் பெருக்குவார்கள். அதனால் முதலில் வரவு செலவுக் கணக்கு போடு. வரவு 22,000. ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் சர்வர் வாடகை), தீம், பிளகின் சந்தா, எப்போதோ வாங்கி மறந்துபோன இமெயில் சேவை, எல்லாம் சேர்ந்து மாதம் 4,000 என்று வை. நிற்பது 18,000. முப்பது மடங்கு என்றால் 5,40,000. இப்போது பயன்படாத சந்தாக்களில் 2,000 ரூபாயை வெட்டினால் நிற்பது 20,000, விலை 6,00,000. ஒரு குறிப்புகூடப் புதிதாக எழுதாமல் 60,000 ஏறிவிட்டது. ஆனால் இதை விற்கிற மாதத்தில் செய்தால் பிரயோஜனம் இல்லை, சராசரியில் தெரிய ஆறு மாதமாவது ஓட வேண்டும். பேக்கப் எடுக்கும் சேவையை மட்டும் வெட்டிவிடாதே.

மடங்கு 20-ஆ 40-ஆ என்பதை எது முடிவு செய்கிறது? உன் சைட்டின் சர்ச் கன்சோலைத் (கூகுள் தேடலிலிருந்து யார் வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் கருவி) திறந்து, எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிளிக் என்று பார். செட்டிநாட்டுக் கோழிக் குழம்புப் பக்கம் ஒன்றே பாதி ஆட்களைக் கொண்டுவருகிறது என்றால், அந்தப் பக்கம் கூகுளில் நாலு இடம் கீழே இறங்கினால் பாதி வருமானம் காலி என்பது வாங்குகிறவருக்குத் தெரியும், உடனே மடங்கைக் குறைப்பார். அந்தக் கூட்டத்தைப் பக்கத்துப் பக்கங்களுக்கு அனுப்பு. குழம்புக் குறிப்பிலிருந்து வெள்ளைப் பணியாரத்துக்கு, வரமிளகாய்ச் சட்னிக்கு, மசாலாப் பொடிக்கு லிங்க் கொடு. வருமானத்துக்கும் இதே கதைதான். விளம்பரம் ஒன்றை மட்டும் நம்பாமல், கல்சட்டி, இட்லிச் சட்டி என்று பொருள்களுக்குக் கமிஷன் லிங்க்கும் (அதை அழுத்தி யாராவது வாங்கினால் உனக்குப் பங்கு வரும்) போட்டு, அதில் மாதம் 3,000 வந்தால்கூட மதிப்பே வேறு.

கேள்வி (தேவகோட்டை): சைட் பார்க்கப் பழசா இருக்கு. டிசைனை மொத்தமா மாத்திட்டு வித்தா நல்ல விலை போகுமா?

பதில்: போகாது. டிசைன் மாற்றும்போது பக்கங்களின் முகவரியும் மாறிப்போய், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் 301 திருப்பல் போடாமல் விட்டு, நல்ல ட்ராஃபிக்கை, அதாவது வந்துகொண்டிருந்த கூட்டத்தை, தொலைத்தவர்கள் ஏராளம். விற்பதற்கு மூன்று மாதம் முன் இந்த விஷப் பரீட்சை வேண்டாம். வாங்குகிறவருக்கு அவருடைய ரசனை இருக்கும், அவர் மாற்றிக்கொள்வார். வேகத்தை மட்டும் சரி செய். மொபைலில் பக்கத்தின் பெரிய படமோ தலைப்போ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. பெரும்பாலும் குற்றவாளி படங்கள்தான். கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய 5 எம்பி படத்தை அளவு குறைத்து வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்தில் போட்டால் 150 கேபிக்குள் வந்துவிடும். உடைந்த லிங்க், ஓடாத காண்டாக்ட் ஃபார்ம் இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

கேள்வி (பள்ளத்தூர்): டொமைன் என் சித்தப்பா மகன் பேர்ல இருக்கு. அவர் சிங்கப்பூர்ல. ஹோஸ்டிங் என் பேர்ல. விக்கிறதுல சிக்கல் வருமா?

பதில்: நம்ம ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு, வளவு, பர்மா தேக்குத் தூண் எல்லாம் இருக்கும், ஆனால் பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும், ஒருத்தர் மலேசியாவில், ஒருத்தர் அமெரிக்காவில், வீடு பூட்டியே கிடக்கும். உங்கள் சைட் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. விலை பேசுவதற்கு முன்பே டொமைனை, அதாவது சைட்டின் முகவரிப் பெயரை, உங்கள் பெயருக்குக் கொண்டுவாருங்கள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. டாட் காம் போன்ற டொமைன்களை ஒரு ரெஜிஸ்ட்ராரிலிருந்து (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றினால், அடுத்த 60 நாள் மறுபடி வேறு இடத்துக்கு மாற்ற முடியாதபடி பூட்டு விழும். உரிமையாளர் பெயரை மாற்றினாலும் சில இடங்களில் அதே பூட்டு. ஆள் வந்து பணத்தோடு நிற்கும்போது "இரண்டு மாதம் பொறுங்கள்" என்று சொல்லும் நிலை வராமல் இப்போதே முடியுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தள்ளுவது சுலபம், முடிந்தால் அந்த வழியில் போங்கள். அப்படியே டொமைனை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்தும் வையுங்கள், வாங்குகிறவருக்கு ஒரு தலைவலி குறையும்.

கேள்வி (புதுவயல்): மூணு மாசத்துக்கு மட்டும் ட்ராஃபிக் வாங்கிப் போட்டு, நூறு பேக்லிங்க்கும் (வேற சைட்ல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்) காசு கொடுத்து வாங்கினா விலை ஏறாதா?

பதில்: மாட்டிக்கொள்வாய். காசுக்கு வரும் ட்ராஃபிக், வருகைக் கணக்குக் காட்டும் கூகுள் அனலிடிக்ஸில் எப்படித் தெரியும் தெரியுமா? எங்கிருந்து வந்தார்கள் என்றே தெரியாத நேரடி வரவு, சம்பந்தமே இல்லாத நாடு, பக்கத்தில் இரண்டு விநாடி நின்றுவிட்டு ஓட்டம். வாங்குகிறவன் அதோடு சர்ச் கன்சோல் கிளிக் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் முடிந்தது. காசுக்கு வாங்கிய லிங்க்குக்காகக் கூகுள் நடவடிக்கை எடுத்தால் அது சர்ச் கன்சோலில் தனிப் பக்கத்திலேயே நிற்கும், மறைக்கவும் முடியாது. அந்தப் பணத்தில் ஊருக்குள் விசாரித்து நல்ல கட்டுரை நாலு எழுது, அது போதும்.

கேள்வி (ஆத்தங்குடி): எங்க டைல்ஸ் சைட்டுக்குக் கட்டுரை எல்லாம் ஒரு ஃப்ரீலான்சர் எழுதினது. படம் ஒரு போட்டோகிராபர் எடுத்தது. ரெண்டு பேருக்கும் காசு கொடுத்தாச்சு. எல்லாம் எனக்குத்தானே சொந்தம்?

பதில்: படம் சொந்தம், கட்டுரை சந்தேகம். ஆச்சரியமாக இருக்கும், ஆனால் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதினால் முதலாளிக்கு உரிமை. ஆனால் வெளியாள் எழுதிக் கொடுத்த கட்டுரையின் உரிமை, எழுத்து மூலம் மாற்றிக் கொடுக்காதவரை அவரிடமே இருக்கும். ஒரு பக்கத் தாள் போதும்: எந்தெந்தக் கட்டுரை, என்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகளுக்கு, எவ்வளவு பணம், கீழே அவர் கையெழுத்து. காலம் எழுதாமல் விட்டால் 5 வருஷம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும். வெளிநாட்டுக்காரர் வாங்க வந்தால் இந்தத் தாளைக் கேட்காமல் நகர மாட்டார். ஃப்ரீலான்சரோடு உறவு நன்றாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், விற்பனைச் செய்தி காதில் விழுந்த பிறகு அந்தக் கையெழுத்துக்கும் விலை வந்துவிடும்.

கேள்வி (கானாடுகாத்தான்): பழைய வீடுகளில் தங்க அறை பதிவு செய்து கொடுக்கும் சைட் நடத்துகிறேன். கமிஷன் நன்றாக வருகிறது. பார்த்தவர்கள் எல்லாம் பின்வாங்குகிறார்கள். காரணம் புரியவில்லை.

பதில்: உங்கள் சைட்டை நானும் பார்த்தேன் ஐயா. எந்தப் பக்கத்தில் போய் எதை அழுத்தினாலும் உங்கள் கைபேசி எண்தான் வருகிறது. அறை இருக்கிறதா என்று நீங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டு, விருந்தினரை மறுபடி கூப்பிட்டுச் சொல்கிறீர்கள். வீட்டுக்காரர்கள் உங்கள் முகத்துக்காகக் கமிஷன் தருகிறார்கள். நாளைக்கு நீங்கள் இல்லையென்றால் வாங்கியவர் கையில் மிஞ்சுவது நாலு படம்தான். இதற்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள். முதலில் ஒவ்வொரு வீட்டோடும் கமிஷன் எவ்வளவு, சைட் கைமாறினாலும் தொடரும் என்று எழுத்து ஒப்பந்தம். அப்புறம் வியாபாரத்துக்கென்று தனி எண், தனி இமெயில். அப்புறம் ஒரு பொதுக் காலண்டர், வீட்டுக்காரரே அறை நிலவரத்தைப் போடும்படி. விருந்தினர் வழக்கமாகக் கேட்பது, மெட்ராஸிலிருந்து எந்த ரயில், சைவச் சாப்பாடு உண்டா, பிள்ளையார்பட்டிக்குக் கார் கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் பதில் எழுதி ஒரு கோப்பு. கடைசியில் ஒரு பையனைப் போட்டு, இரண்டு மாதம் நீங்கள் கை வைக்காமல் அவனே நடத்தட்டும். அவன் சம்பளம் லாபத்தைக் குறைக்கும்தான். குறைந்த அந்த லாபத்துக்கு வாங்க ஆள் இருப்பான், இப்போதைய லாபத்துக்கு ஆளே இல்லை.

கேள்வி (காரைக்குடி): கண்டாங்கிச் சேலை ஆன்லைன் கடை. தீபாவளி முடிஞ்ச கையோட வித்தா கணக்கு நல்லா இருக்கும் இல்லையா?

பதில்: வாங்குகிறவர் போன தீபாவளிக் கணக்கையும் கேட்பார், ஆடி மாதக் கணக்கையும் கேட்பார். ஒரு மாத உச்சத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது. ஆனால் போன வருஷத்தைவிட இந்தத் தீபாவளி நன்றாக இருந்தது என்று காட்ட முடிந்தால் அதுதான் விற்க நல்ல நேரம். சேலை ஸ்டாக்கை சைட் விலையோடு சேர்க்காமல் அடக்க விலைக்குத் தனியாகப் பேசுங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால், நெசவாளரிடமிருந்து வாங்கிய ரசீது கைவசம் இருந்தால் அது உங்கள் கடைக்குப் பலம். அதைக் கோப்பில் வையுங்கள். வாடிக்கையாளர் போன் எண் பட்டியலை மட்டும் யோசிக்காமல் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். 2023-ல் தனிநபர் தரவுக்கென்றே சட்டம் வந்துவிட்டது, கடை கைமாறுகிறது என்று அவர்களுக்குச் சொல்லி, சம்மதம் வாங்குவதுதான் பாதுகாப்பு.

கேள்வி (கோட்டையூர்): ஆட்சென்ஸ் கணக்கையும் (கூகுள் விளம்பரப் பணம் வரும் கணக்கு) சேர்த்து விற்கலாமா?

பதில்: கூடாது, அது கைமாற்ற முடியாத கணக்கு. வாங்குகிறவர் தன் கணக்கில் சைட்டைச் சேர்த்து, தன் விளம்பர நிரலைப் போட்டுக்கொள்வார். அமேசான் கமிஷன் லிங்க்கும் அப்படியே.

கேள்வி (திருப்பத்தூர்): ஏஐ வைத்து 400 கட்டுரை போட்டேன். முதலில் ஏறியது, இப்போது படுத்துவிட்டது. அழிக்கட்டுமா?

பதில்: கூகுள் 2024 மார்ச்சில் கொண்டுவந்த ஸ்பேம் விதிகளில் மொத்த மொத்தமாகக் கட்டுரை உற்பத்தி செய்வதும் ஒன்று, மனிதன் எழுதினாலும் சரி மெஷின் எழுதினாலும் சரி. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கு வைத்திருக்கும், அதில் ஒரு கிளிக்கும் வராத பக்கங்களைப் பிரியுங்கள். ஒரே விஷயத்தைப் பேசும் நாலைந்தை ஒன்றாக்கி, நேரில் எடுத்த படமும் உங்கள் கைப்பட எழுதியதும் சேர்த்து ஒரு நல்ல பக்கமாக்கி, பழையவற்றிலிருந்து அதற்குத் திருப்பல் போடுங்கள். மிச்சத்தை எடுத்துவிடலாம். தேடல் முடிவின் உச்சியிலேயே ஏஐ சுருக்கத்தைக் கூகுள் காட்ட ஆரம்பித்த பிறகு "என்றால் என்ன" வகைக் கட்டுரைக்கு வாங்குகிறவர்கள் தயங்குகிறார்கள், அதுவும் உண்மை. நேராகத் தேடி வரும் வாசகரும் இமெயில் பட்டியலும் இருந்தால் பேரம் பேச வாய் இருக்கும்.

கேள்வி (குன்றக்குடி): கணக்கு காட்டச் சொல்கிறார்கள். வங்கிப் புத்தகம் போதுமா?

பதில்: வீட்டுச் செலவும் சைட் வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்தால் யாருக்கும் புரியாது. இன்றே தனி வங்கிக் கணக்கு. மாதவாரியாக வரவு செலவு ஒரு தாள், ஒவ்வொரு வரவுக்கும் விளம்பர நிறுவனத்தின் அறிக்கை. அனலிடிக்ஸில் விவரத் தரவைச் சேமிக்கும் காலம் 2 மாதம் என்றுதான் முதலில் இருக்கும், அதை 14 மாதமாக மாற்றிவிடு, பின்னால் கேட்டால் பழையது வராது. வரி எவ்வளவு என்பதை உன் ஆடிட்டரிடம் பணம் வருவதற்கு முன்பே கேள்.

கேள்வி (புதுக்கோட்டை ரோட்டிலிருந்து ஒரு தம்பி): எங்கே விற்பது? பணம் வராமல் சைட்டைக் கொடுத்துவிட்டால்?

பதில்: சின்ன சைட்டுக்கு பிளிப்பா என்ற விற்பனைத் தளம், கொஞ்சம் பெரிசாக வருமானம் இருந்தால் எம்பயர் பிளிப்பர்ஸ் போன்ற தரகர்கள். தரகு, கட்டணம் எவ்வளவு என்று முதலில் கேட்டு அதையும் கழித்து விலை யோசி. பணத்தை எஸ்க்ரோவில் (சைட் கைமாறும் வரை பணத்தை நடுவில் பிடித்துவைக்கும் சேவை) போடச் சொல். பணம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை மெயிலில் வந்த லிங்க்கை அழுத்திப் பார்க்காமல், நீயே அந்த எஸ்க்ரோ தளத்துக்குள் போய்ப் பார்த்த பிறகு கோப்புகளையும் டொமைனையும் மாற்று. வாங்கியவர் சரிபார்க்க எத்தனை நாள், அதன் பிறகு நீ எத்தனை வாரம் சந்தேகம் தீர்ப்பாய், அதே தொழிலில் புது சைட் எத்தனை வருஷம் தொடங்க மாட்டாய், மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுது. எழுதாவிட்டால் அடுத்த பொங்கலுக்கும் அவர் போன் பண்ணி பாஸ்வேர்டு கேட்பார்.