முஸ்லிம் பெண் கதை எழுத முடியுமா? எங்கள் வீட்டுப் பேச்சு வெளியாட்களுக்குப் புரியுமா?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், வீட்டுக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்றும் கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். சண்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

புரியுமா என்ற கவலையே வேண்டாம். நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். குமரி மாவட்டத்தில் தன் ஊரான தேங்காய்ப்பட்டணத்துப் பேச்சிலேயே எழுதினார். முதல் நாவல் ‘முஸ்லிம் முரசு’ பத்திரிகையில் தொடராக வந்து 1988இல் புத்தகமானது. பிழைப்புக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். அந்த மனிதருக்குத்தான் 1997இல் சாகித்ய அகாதெமி விருது கொடுத்தார்கள். வாப்பா, உம்மா, ராத்தா எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள், அடிக்குறிப்பு போடாதீர்கள்.

எனக்குக் கவலை வேறு. எங்கள் மேலப்பாளையத்துப் பிள்ளைகள் சிலர் எழுதியதை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார்கள். திறந்தால் நோன்புக்கஞ்சி. பக்கத்து வீட்டு இந்து நண்பருக்குத் தூக்குவாளியில் கஞ்சி போகும், கடைசிப் பக்கத்தில் ஒருவர் மற்றவருக்கு ரத்தம் கொடுப்பார். நம்மைச் சந்தேகமாகப் பார்க்கும் காலத்தில் இப்படி எழுதத் தோன்றுவது எனக்கும் புரிகிறது. ஆனால் அது நன்னடத்தைச் சான்றிதழுக்கு மனு போடுவது மாதிரி இருக்கிறது. அதில் வருகிற வாப்பாவுக்குக் கோபம் வராது, கடன் கிடையாது, மச்சானோடு பேச்சுவார்த்தை அறுந்திருக்காது. அப்படி ஒரு வாப்பாவை நான் எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை.

நிக்காஹ் தஃப்தரில், அதாவது கல்யாணப் பதிவேட்டில், மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் எவ்வளவு என்று ஏறும். எங்கள் தெருவில் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் கைக்கூலி எவ்வளவு என்று எங்கேயும் ஏறாது, ஆனால் சமையலறையில் எல்லாருக்கும் தெரியும். அதை எழுதுங்கள். மகள் நகைக்காக வருஷக்கணக்கில் பீடி சுற்றிய மாமியை எழுதுங்கள். சவூதியில் இருக்கும் கணவனோடு வீடியோ காலில் மட்டுமே குடித்தனம் நடத்துகிறவளை எழுதுங்கள், அவளைப் பாவம் ஆக்காமல். அவளுக்குக் குசும்பும் இருக்கும்.

பிரச்சினையே வராது என்று பொய் சொல்ல மாட்டேன். தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் எழுதியதற்காக ஊர்விலக்கம் வரை பார்த்தார். அதனால் ஆரம்பத்தில் புனைபெயர் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதியதை உடனே போட்டோவோடு ஃபேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். சிற்றிதழ்களுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் வேறொன்றுக்கு அனுப்புங்கள். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் நாவல் 1938லேயே அச்சாகிவிட்டது, முன்னுரை உ.வே.சா.வினுடையது. ஆக, நம் பெண்கள் எழுதுவது புதுப்பழக்கம் என்று யாராவது சொன்னால் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

இனி வீட்டுச் சண்டை. எல்லாரிடமும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை. முதலில் உம்மாவிடம் மட்டும் ஒரு கதையை வாசித்துக் காட்டிப் பாருங்கள். துவரங்குறிச்சியில் பருவமடைந்ததும் பள்ளி நின்றுபோன கவிஞர் சல்மா, புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து எழுதிய கவிதைகளை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய உம்மாதான்.