ட்ராவுட்டுக்கு ஒரு எளிய நிம்ஃப்: கட்டுவதும் வீசுவதும் (கேள்வி பதில்)

நிம்ஃப் என்பது என்ன? மிதக்கும் ஃப்ளை (தூண்டில் முள்ளில் கட்டும் போலிப் பூச்சி) போதாதா அண்ணா?

மேஃப்ளை போன்ற பூச்சிகள் இறக்கை முளைக்கும்வரை ஓடையின் அடியில், கல்லிடுக்கில் வாழும். அந்தப் பருவத்துக்குப் பெயர்தான் நிம்ஃப். அதைப்போலக் கட்டும் ஃப்ளையையும் நிம்ஃப் என்றே சொல்வோம். ட்ராவுட் மீனின் சாப்பாடு பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிடும். மேலே வந்து கவ்வுவது நம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான்.

முதன்முதலாகக் கட்டப்போகிறேன். வாங்க வேண்டிய சாமான் பட்டியலைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

பட்டியலை ஓரமாக வையுங்கள். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் உருவாக்கிய ஃபெசன்ட் டெயில் என்ற நிம்ஃப் போதும். மெல்லிய செம்புக் கம்பி, ஃபெசன்ட் பறவையின் வால் இறகு, இந்த இரண்டும்தான் பொருள். நூல்கூட வேண்டாம், கட்டுவதும் கம்பி, எடையும் கம்பி.

16ஆம் எண் தூண்டில் முள்ளை வைஸில் (முள்ளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து, முள்ளின் கண்ணிலிருந்து (லைன் கட்டும் துளை) வளைவுவரை கம்பியைச் சுற்றுங்கள். முன்பாதியில் மேலும் சில சுற்று கொடுத்து நெஞ்சுப்பகுதியைப் புடைக்க வையுங்கள். இறகிலிருந்து நான்கு இழைகளை எடுத்து, நுனிகள் வாலாகச் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும்படி வளைவருகே கட்டுங்கள். பிறகு இழைகளைக் கம்பியோடு சேர்த்து முறுக்கிக் கண்வரை சுற்றுங்கள். தனி இழை பட்டென்று அறுந்துவிடும். கம்பியோடு முறுக்கினால் தாங்கும். கண்ணருகே கம்பியைப் பிரித்து நெஞ்சின் பின்பக்கம் கொண்டுபோய், இழைகளைப் பின்னால் மடித்துக் கட்டி, மறுபடி முன்னால் மடித்துக் கண்ணருகே முடிச்சுப் போடுங்கள்.

கால்களே இல்லையே?

வேண்டாம். நீந்தும்போது நிம்ஃப் கால்களை உடம்போடு ஒடுக்கிக்கொள்ளும் என்பது சாயரின் கணிப்பு. மீன்களும் ஆட்சேபிப்பதில்லை.

எடைக்காக முள்ளில் கோர்ப்பது டங்ஸ்டன் மணியா, பித்தளை மணியா?

ஆழமான, வேகமான நீருக்கு டங்ஸ்டன். பித்தளையைவிட இரு மடங்குக்கு மேல் அடர்த்தி. முழங்கால் ஆழத் தெளிநீரில் மணியே தேவையில்லை.

தக்கை கட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் கடிக்கவில்லை. ஃப்ளையை மாற்றட்டுமா?

எடுத்தவுடனே ஃப்ளைமேல் பழி போடாதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்குச் சிக்கல் இழுவையில்தான். ஓடையின் மேற்பரப்பு வேகமாக ஓடும். அடிநீர் கல்லில் உரசி மெதுவாகப் போகும். தக்கை மேல்நீரின் வேகத்தில் ஓடி, அடியிலுள்ள நிம்ஃபைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறது. எந்தப் பூச்சியும் அப்படிப் போகாது.

பக்கத்தில் மிதக்கும் நுரைக்குமிழியைப் பாருங்கள். தக்கை அதைவிடச் சற்றே பின்தங்கினால் நிம்ஃப் சரியான ஆழத்தில் இருக்கிறது. முந்திக்கொண்டு ஓடினால், நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் வீசி, நீர்மேல் கிடக்கும் லைனைக் கோல்முனையால் தூக்கி, நீர் வரும் திசைப்பக்கமாகப் புரட்டிப் போடுங்கள். தக்கைக்கும் ஃப்ளைக்கும் இடையே நீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் விடுங்கள். அப்புறமும் அடியில் எங்குமே தட்டவில்லையா? எடையைக் கூட்டுங்கள். ஒவ்வொரு வீச்சிலும் கல்லில் மாட்டுகிறதா? குறையுங்கள். ஃப்ளையை மாற்றும் யோசனை இதற்கெல்லாம் பிறகு.

கடித்தது எப்படித் தெரியும்?

தக்கை முழுகும் என்று காத்திருந்தால் ட்ராவுட் துப்பிவிட்டுப் போயிருக்கும். தக்கை ஒரு கணம் தயங்கினாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் கோலை மெதுவாகத் தூக்கிவிடுங்கள். பாதி நேரம் கல்லாக இருக்கும், பரவாயில்லை. வெடுக்கென்று இழுத்தால் மெல்லிய டிப்பெட் (ஃப்ளை கட்டியிருக்கும் நுனி இழை) அறுந்துவிடும்.

மீன் இருக்கும் இடம் தெரிந்தால், நிம்ஃப் அதன் முன்னே வரும்போது கோல்முனையைச் சற்று உயர்த்திப் பாருங்கள். பூச்சி மேலே தப்பிக்கிறது என்று நினைத்துப் பாய்ந்து கவ்வும். மீனைத் திரும்ப விடுவதானால் முள்ளின் எதிர்முள்ளை (பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்) முதலிலேயே குறடால் நசுக்கிவிடுங்கள். கட்டி முடித்த பிறகு நசுக்கி முள் ஒடிந்தால், கட்டிய உழைப்பும் போய்விடும்.